வாடகை மாலை: மன்னார்குடிப் பிரதி

கலை அழிவதில்லை. பேரரசுகள் மண்ணாகும், கடல் ஊருக்குள் வரும், மலைகள் தேய்ந்து மணலாகும். ஆனால் மனித மனத்தை ஒரு முறை தொட்டுவிட்ட கலை, கடைசி நட்சத்திரம் அணைகிறவரைக்கும் எங்கோ ஒரு மூலையில் ஒளிர்ந்துகொண்டே இருக்கும்.

மன்னார்குடி பழந்திரை ரசிகர் பேரவையின் தலைவர் 'திரைஞானச் செம்மல்' குணசீலன் ஒவ்வோர் ஆண்டு விழாவையும் இப்படித்தான் தொடங்குவார். தொடங்கிவிட்டு 'வாடகை மாலை' படத்தைப் பற்றிப் பேசுவார். அந்தப் படத்தின் நெகட்டிவைத் தயாரிப்பாளரின் மருமகன் வெள்ளி எடுப்பதற்காக எப்போதோ உருக்கிவிட்டார். 'செம்மல்' பட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பேரவை ஒருமனதாகக் கொடுத்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் குணசீலன்.

ஆனாலும் கதை சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பணக்காரக் கல்யாணங்களுக்கு மாலையை வாடகைக்கு விடும் ஏழைப் பூக்காரனின் மகள். அவளைக் காதலிக்கும் ஜமீன் வாரிசு. குறுக்கே ஒரு வில்லன். பூமாலையை எப்படி வாடகைக்கு விட முடியும், மறுநாள் வாடிப்போகாதா என்று பேரவையில் யாரும் கேட்டதில்லை. அந்தக் காலப் படங்களில் அதையெல்லாம் கேட்கக் கூடாது. "விளக்கை அணைத்தால் நிலவு வரும்" என்ற பாட்டுக் கட்டம் வந்ததும் குணசீலன் நிறுத்துவார். பழைய ரெக்கார்டு சுழலும். இரண்டாவது சரணம் முடிந்து ஒரு புல்லாங்குழல் துணுக்கு வரும். அந்த இடத்தில் அறுபதைத் தாண்டிய அத்தனை தலைகளும் ஒரே பக்கமாகச் சாயும். அப்போது பார்த்தால் பேரவையை மன்னிக்கத் தோன்றும்.

மன்னிக்காத ஒரே ஆள் செயலாளர் பக்கிரிசாமி.

"தலைவரே, அந்தப் பாட்டுல கதாநாயகி என்ன கலர் பொடவை?" என்று பின்வரிசையிலிருந்து கேட்பார்.

"நல்ல ரசிகன் முகத்தைப் பார்ப்பான் பக்கிரி. பொடவையப் பார்க்கிறவன் ஜவுளிக்கடைக்குப் போகணும்."

கைதட்டல் விழும். பக்கிரிசாமி உட்கார்ந்துவிடுவார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் குணசீலனுக்கு ஆகாது. ஏனென்றால் பக்கிரிசாமி அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தவர். குணசீலன் பார்த்ததே இல்லை.

படம் ஊரில் ஓடிய நாட்களில் சிறுவன் குணசீலனுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலையில் படுத்துக் கிடந்தான். எழுந்து நடமாடுவதற்குள் படம் பெட்டிக்குள் போய் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. ஆனால் அதன் கதை வசன ரெக்கார்டு ஊரிலேயே தங்கிவிட்டது. அவர்கள் வீட்டுக்கு எதிரே அருளப்பனின் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் தென்னை மரத்தில் குழாய் கட்டி அருளப்பன் முதலில் போடுவது 'வாடகை மாலை'தான். அந்தக் காலத்துத் தமிழர்கள் பாதிப் படங்களைக் காதால்தான் பார்த்தார்கள். குணசீலன் இருமல்கூட விடாமல் மனப்பாடம் செய்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், "படம் பார்த்தியாடா?" என்று யாரோ கேட்டபோது "ஓ" என்று சொல்லிவைத்தார். அந்த "ஓ" வளர்ந்து மின்வாரியத்தில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று, பேரவைத் தலைவராகிவிட்டது.

இப்படி எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் சென்னையிலிருந்து ரெஜினா வந்தாள்.

அவள் 'நினைவுத் திரை' என்ற ஆய்வகத்தின் பொறியாளர். அழிந்த படங்களை மீட்பது அவள் வேலை. பேரவைக் கூடத்து மேஜையில் தன் பெட்டியைத் திறந்து, கம்பிகள் தொங்கும் ஒரு துணித் தொப்பியை எடுத்து வைத்தாள்.

"கதை வசன ரெக்கார்டு ஒண்ணு எங்ககிட்ட கிடைச்சிருக்கு. அதைப் போடுவோம். கேட்கக் கேட்க உங்க மனசுல அந்தக் காட்சி ஓடுமில்லையா, அதை இந்தத் தொப்பி படமா எடுத்துக்கும். படம் அழிஞ்சு போச்சு சார். பார்த்தவங்க இன்னும் அழியலையே."

"அழியறதுக்குள்ள வந்து சேர்ந்தியேம்மா" என்றார் பக்கிரிசாமி.

"ஆனா ஒண்ணு. படத்தை நிஜமா பார்த்தவங்க மட்டும்தான் வரணும்."

எல்லோரும் குணசீலனைப் பார்த்தார்கள். குணசீலன் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

முதலில் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். ஓய்வுபெற்ற தாசில்தாரின் தலைக்குள்ளிருந்து வந்தது முன்வரிசை அம்மாளின் கொண்டையும் அதில் வைத்திருந்த கனகாம்பரமும். படம் அந்தக் கொண்டையின் இரு ஓரங்களிலும் லேசாக நகர்ந்தது. இன்னொருவர் முழுப் படத்தையும் முறுக்குத் தட்டைத் தேடிக்கொண்டே பார்த்திருந்தார். பக்கிரிசாமிக்கு டிக்கெட் கவுண்டர் கம்பி வந்தது, சட்டை கிழிகிற ஒரு சண்டை வந்தது, இடைவேளை சோடா வந்தது. படம் வரவில்லை.

"பார்த்தேம்மா! சத்தியமா பார்த்தேன்!"

"பார்த்திருப்பீங்க சார். ஆனா மனசுல தங்கறது நமக்கு எது பெருசாப் பட்டுதோ அதுதான்."

பக்கிரிசாமி தொப்பியைக் கழற்றி குணசீலன் கையில் கொடுத்தார். "தலைவரே, இப்ப நீங்கதான் காப்பாத்தணும்." அதே சிரிப்பு.

"எனக்கு பி.பி. இருக்கு" என்றார் குணசீலன். மறுநாள் காலை வரலாமென்று ரெஜினா சொல்லிவிட்டாள்.

வீட்டில் தமயந்தியிடம் தலைவலி என்று ஆரம்பித்தார். அவர் மனைவி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவளிடம் காரணங்கள் நெடுநேரம் நிற்காது.

"என்னங்க பயம்? இத்தன வருசமா சொன்ன கதையத்தானே நெனைக்கணும்?"

அதுதான் பயம். கல்யாணமான புதிதில் கும்பகோணத்தில் ஒற்றை அறைக் குடித்தனம். ரேடியோகூடக் கிடையாது. தினம் ஒரு காட்சியாக அந்தப் படத்தை அவளுக்குச் சொன்னார். அவள் அழுதாள், அடுத்த காட்சிக்கு நச்சரித்தாள், ஜமீன் மாளிகைக் கட்டம் வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் கல்யாணம் நடந்தது ஜாதகத்தில். காதல் நடந்தது 'வாடகை மாலை'யில். நாளைக்குத் தொப்பியை மாட்டினால் வெறும் இருட்டு வரும். பேரவை போனால் போகட்டும், பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இவளிடம் எதைத் திருப்பிக் கொடுப்பது?

மறுநாள் தொப்பியை மாட்டினார்கள். ரெக்கார்டு கரகரத்தது. குணசீலன் கண்ணை மூடினார். முதல் வசனம் வந்ததும் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"சார்!" என்று ரெஜினா கத்தினாள். "ஒரு நொடி விடாம வருது சார்!"

குணசீலனுக்கு இப்போதுதான் உண்மையான பயம் பிடித்தது. "என்னம்மா வருது?"

"படம்தான்! இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யார்கிட்டயும் வந்ததில்ல."

"யாரு... யாரு நடிக்கிறாங்க?"

"ரெக்கார்டு உறையில எல்லாரும் புதுமுகம்னுதானே போட்டிருக்கு, எனக்கு யாரைத் தெரியும்? போட்டோ ஒண்ணுகூட மிஞ்சலையே. ஆனா என்ன இயல்பான நடிப்பு சார்! கோர்ட் சீன் செட்டிங்தான் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். கண்ணால பார்க்காம, மனசுல கற்பனை பண்ணி வச்சிருந்தா... அதையும் எடுக்குமா?"

"எடுக்கும். மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது சார். சொல்லப்போனா மூளைக்கே தெரியாது. அதனாலதான் நிஜமா பார்த்தவங்க வேணும்னு கேட்டோம்."

"எனக்குக் கொஞ்சம் போட்டுக் காட்டேன்."

"ம்ஹூம். ஊரோட சேர்ந்து பாருங்க. சர்ப்ரைஸ்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்யாண மண்டபத்தில் திரை கட்டினார்கள். பழைய ஆட்களெல்லாம் தலைக்கு எண்ணெய் தடவி, விபூதி பூசி, கல்யாணத்துக்கு வருவதுபோல் வந்திருந்தார்கள். குணசீலன் முன்வரிசையில், பக்கத்தில் தமயந்தி. அந்தப் பக்கம் பக்கிரிசாமி, மூக்குக்கண்ணாடியோடு. "இன்னிக்குப் பொடவை கலர் தெரிஞ்சிரும்" என்றார்.

விளக்கு அணைந்தது.

பூக்கடை வந்தது. பூக்காரக் கிழவன் மாலை கட்டிக்கொண்டிருந்தான். மண்டபத்தில் ஒரு குரல்: "ஏய், இது நம்ம தபால்காரர் மருதையன்ல?"

"அவர் மாதிரி இருக்காரு" என்றது இன்னொரு குரல், சந்தேகமாக.

மருதையன் இறந்து முப்பது வருடம் ஆகிறது. அவர் மகள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். எழுந்து நின்றவள் உட்காரவே இல்லை.

பிறகு கதாநாயகி வந்தாள். குடத்தோடு, பாவாடை தாவணியில், இரட்டைச் சடையோடு. தமயந்தி முழங்கையால் இடித்தாள்.

"யாருங்க இது?"

"கதாநாயகி."

"அது தெரியுது. யாரு?"

"மைக் செட் அருளப்பன் பொண்ணு" என்றார் குணசீலன், குரல் இறங்கி. "ரோஸ்லின்."

"ஓ."

அந்த "ஓ" ஒரு "ஓ"வாக இல்லை.

ஜமீன் மாளிகை வந்தது. குணசீலன் சிறுவனாக இருந்தபோது மாடி வீட்டுக்குள் போனதில்லை. ஆகவே மாளிகையின் மாடிப்படி, ரைஸ்மில் பரணுக்குச் சாத்திய மர ஏணியாக இருந்தது. பட்டுப்புடவை கட்டிய ஜமீன்தாரிணி ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக அதில் இறங்கினாள். இறங்கி முடித்து, மூச்சு வாங்கி, "இந்த மாளிகையில் உனக்கு இடமில்லை!" என்று கர்ஜித்தாள். ஊட்டி வந்தது. ஊட்டி என்றால் தெப்பக்குளம்தான், அதன்மேல் நகராட்சியின் கொசு மருந்துப் புகை. கோர்ட் வந்தது. நீதிபதி தபாலாபீஸ் கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தீர்ப்பின்மேல் டப்பென்று முத்திரை குத்தினார்.

மண்டபம் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் இருக்கை நுனிக்கு வந்து தங்கள் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "அந்தா எங்க சின்னம்மா!" "அது பழைய பஸ் ஸ்டாண்டு மரம்டா, வெட்டறதுக்கு முந்தி!"

கதாநாயகன் அறிமுகமானான். முதலில் பெல்பாட்டம் வந்தது. பிறகு காதை மூடிய முடி. பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஒரு புன்னகை.

கல்லூரி நாட்களில் மன்னார்குடியின் மன்மதனாக அலைந்த பக்கிரிசாமி.

பக்கத்து இருக்கைப் பக்கிரிசாமி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். குணசீலன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆயுள் முழுக்க எந்த ஆளோடு மல்லுக்கட்டினாரோ, அந்த ஆளைத்தான் தன் மனசு நாயகனாக வைத்துப் பூட்டியிருக்கிறது. அவருக்கே இது செய்திதான்.

திடீரென்று திரை இருண்டது. ரெக்கார்டைத் திருப்பிப் போடும் இடம். கல்யாண வீடுகளில் கேட்ட ரெக்கார்டு அது, ஆகவே சிறுவன் குணசீலனின் மனசில் அங்கே எப்போதும் ஒரு பந்தி உண்டு. அதுவும் வந்தது: வாழையிலை வரிசை, சாம்பார் வாளி. பிறகு மறுபக்கம் தொடங்கியது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட கதாநாயகி மழையில் திரும்பினாள்.

திரும்பியவள் தமயந்தி. கும்பகோணத்துத் தமயந்தி, மஞ்சள் கயிறு புதிதாக இருந்த தமயந்தி. அந்த ஒற்றை அறையில் கதை சொன்ன நாட்களில், மீதிப் படத்தை அவர் மனசு அவளை வைத்தே மறுபடி எடுத்து முடித்திருக்கிறது.

நிஜத் தமயந்தி திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு காதருகே வந்தாள்.

"நான் எடைவேளைக்கு அப்புறம்தானா?"

"முக்கியமான சீனெல்லாம் பின்னாடிதான்."

"இருக்கட்டும். பக்கிரி அண்ணன் ஏன் என் கையப் புடிக்கிறாரு?"

"கதை அப்படி."

"கதைய நீங்கதானே சொன்னீங்க? எடுக்கச் சொல்லுங்க கைய."

"விளக்கை அணைத்தால் நிலவு வரும்" தொடங்கியது. தெப்பக்குளக் கரையில் தமயந்தியும் பக்கிரிசாமியும் மரத்துக்கு மரம் ஓடினார்கள். புல்லாங்குழல் வந்தது. தலைகள் சாய்ந்தன.

அப்போதுதான் வில்லன் மரத்தின் பின்னாலிருந்து சிரித்தான், சுருட்டுப் புகையோடு. முதல் பாதியில் அவன் வெறும் நிழலும் சிரிப்பும்தான். இப்போது முகம் தெரிந்தது.

"நிறுத்துங்க!" என்று ஓர் ஆள் எழுந்தார். அறிவழகன், மறைந்த தலைமையாசிரியர் கலியபெருமாளின் மகன். விளக்கைப் போட்டார்கள். "அது எங்க அப்பா! எங்க அப்பா எந்தக் காலத்துல சினிமாவுல நடிச்சாரு? சுருட்டுப் புடிச்சாரு? யோவ் குணசீலன், நீ படத்தப் பார்க்கவே இல்லய்யா! ரெக்கார்டு கேட்டுட்டு ஊரை ஏமாத்தியிருக்க!"

ரெஜினா பெட்டியருகே சிலையாக நின்றாள். அவள் திரையில் உறைந்திருந்த கதாநாயகியைப் பார்த்தாள், பிறகு முன்வரிசைத் தமயந்தியைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "சார்... நீங்க படத்தைப் பார்த்தீங்களா இல்லையா?"

குணசீலன் மேலே மின்விசிறியைத் தேடினார். மண்டபம் முழுக்க மெல்லப் பக்கிரிசாமி பக்கம் திரும்பியது. இந்த ஒரு நாளுக்காகத்தானே அந்த மனிதர் இத்தனை வருடம் புடவை நிறம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பக்கிரிசாமி எழுந்தார். சட்டையைச் சரிசெய்தார். திரையில் தன் கன்னத்தில் விழுந்திருந்த ஊட்டி வெளிச்சத்தை ஒரு முறை பார்த்தார்.

"தியேட்டர்ல பார்த்தவன் நான் சொல்றேன்" என்றார். "படம் இதுதான்."

"யோவ், ஹீரோவே நீயா இருக்க!"

"முகஜாடை. அந்தக் காலத்துல ஊரே சொல்லும், பக்கிரி அப்படியே அந்த ஹீரோ மாதிரியேன்னு. உனக்கு எங்கேர்ந்து தெரியும், நீ அப்ப கைக்குழந்தை."

பிறகு தாசில்தார் தொண்டையைச் செருமினார். "ஆமாமா. கோர்ட்டு இப்படித்தான் இருந்துச்சு. கம்பி ஜன்னல். எனக்கு நல்லா ஞாபகம்." அவர் அண்ணன்தான் நீதிபதியாக வந்திருந்தார். "மாளிகையில ஏணிதான் வச்சிருந்தாங்க" என்றார் முறுக்குத் தட்டைத் தேடியவர். மருதையன் மகள் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்: "தயவுசெய்து விளக்க அணைங்க. அப்பா மறுபடி வர்றாரான்னு பார்க்கணும்."

அறிவழகன் தனித்து நின்றார். ரெஜினா அவரிடம் போனாள். "சார், உங்களுக்கு வருத்தம்னா அந்தக் காட்சிகளை நான் எடுத்துடறேன். இப்பவே வெட்டிடலாம்."

அவர் திரையைப் பார்த்தார். தலைமையாசிரியர் கலியபெருமாள் பிரம்பில்லாமல், தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரித்தபடி உறைந்திருந்தார்.

"வேணாம்" என்றார் அறிவழகன், உட்கார்ந்துகொண்டே. "அப்பா சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. வில்லன் சிரிப்பா இருந்தா என்ன, இருந்துட்டுப் போகட்டும்."

வீட்டுக்குப் போகும் வழியில் தமயந்தி ஒரு தெரு நீளத்துக்கு முன்னாலேயே நடந்தாள். குணசீலன் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்.

"பார்க்காத படத்துக்கா என்னை அத்தன நாள் அழ வச்சீங்க?"

அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள். பிறகு, "அந்த ரோஸ்லின் இப்ப எங்க இருக்கா?"

"திருச்சியில. பேரன் பேத்தி எடுத்தாச்சு."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு தாமதமாயிற்று.

ரெஜினா நேர்மையானவள். ஆய்வகத்துக்கு நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். மேலிடத்தில் முதலில் திட்டினார்கள், பிறகு போட்டுப் பார்த்தார்கள், பிறகு இரண்டாம் முறை போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் 'மன்னார்குடிப் பிரதி' என்று தனியாகப் பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் மாதம் ஒரு முறை அதைத் திரையிட்டார்கள். வெளியூரில் குடியேறிய பிள்ளைகள் குழந்தைகளோடு வந்து, இறந்துபோன தாத்தா எந்தக் காட்சியில் எலுமிச்சம்பழம் விற்கிறார் என்று காட்டிவிட்டுப் போனார்கள். பேரவையில் பக்கிரிசாமி கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தார். கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கியிருந்தார்.

ஒரு வருடம் கழித்து ரெஜினா போன் செய்தாள். பினாங்கில் இடிக்கப்போகும் ஒரு பழைய கொட்டகையின் கிடங்கில் 'வாடகை மாலை' கிடைத்திருக்கிறது. அசல், அத்தனை ரீல்களும். "முதல் திரையிடல் உங்களுக்குத்தான் சார். நீங்க பார்த்தே ஆகணும்."

குணசீலன் போனை வைத்தார். அம்மைத் தழும்பு இருந்த நெற்றியைத் தடவிக்கொண்டார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. புதுச்சட்டை தேய்த்து வைத்தார்.

அதே மண்டபம், அதே கூட்டம். படம் தொடங்கிய சற்று நேரத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பூக்காரக் கிழவன் யாரோ ஒரு ஆள். ஜமீன்தாரிணி முன்பக்கமாகப் பார்த்துக்கொண்டு சலவைக்கல் படியில் இறங்கினாள். எந்த வீட்டில் அப்படி இறங்குவார்கள்? கோர்ட் தேவையில்லாமல் பெரிதாக இருந்தது. நாயகனாகக் கிருதா வைத்த ஒரு தடியன் வந்ததும் பக்கிரிசாமி எழுந்து, "இது டூப்ளிகேட்டு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வெளியேறினார். தாசில்தார் பின்னால் போனார். மருதையன் மகள் போனாள். "வேற ஏதோ கம்பெனி எடுத்தது போல" என்று அறிவழகன் ரெஜினாவிடம் ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் மண்டபத்தில் மூன்றே பேர்.

ரெஜினா மனம் தளரவில்லை. யார் போனால் என்ன, யாருக்காகக் கொண்டுவந்தாளோ அவர் முன்வரிசையில், அசையாமல், தலையை லேசாகச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். பாட்டு வந்தது, புல்லாங்குழல் வந்தது. தமயந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படம் முடிந்ததும் ரெஜினா ஓடி வந்தாள். "அம்மா, சாருக்கு எப்படி இருந்துச்சாம்?"

"சத்தம் போடாதே" என்றாள் தமயந்தி. "பேர் போடும்போதே தூங்கிட்டாரு."